ஐம்பதாம் நாள் விடியலில் நின்ற ஏரேட்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையில் மின்னணுக் கருவி எது நின்றாலும் இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம்: உப்புக்காற்று அரித்துவிட்டது, அல்லது மின்சாரத்தில் ஏற்ற இறக்கம். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பையே ஓயாமல் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வைத்த காற்று இது என்பதால், அந்தக் காரணத்தை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. உச்சிப்புளியில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படகுகளின் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், இறால் பண்ணைகளின் கண்ட்ரோல் பேனல் ஆகியவற்றைப் பழுதுபார்த்து வருகிற எனக்கும் அந்தக் காற்றின் வேலை நன்றாகத் தெரியும். உப்பு அரித்த போர்டைத் திறந்தாலே செம்புத் தடத்தில் பச்சை பூத்திருக்கும், ஐ.சி.யின் கால்களில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஆனால் பச்சையும் இல்லாமல், கருகலும் இல்லாமல், மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்த உடனே குறையின்றி ஓடும் போர்டுகளும் என்னிடம் வருகின்றன. அவற்றின் பிழை சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் ஃபர்ம்வேர் நிரலில், பெரும்பாலும் அந்த நிரல், நேரத்தை எண்ணும் ஹார்டுவேர் டைமரைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. இதைப் பற்றி நம் மாவட்டத்தில் எவரும் பேசாததால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பாலைக்குடிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஓர் இறால் பண்ணை. அங்கே ஒரு பேனல், குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, அரை மணிக்கு ஓர் அணி என்று மாற்றி மாற்றி ஓட்டும். பின்னிரவில் இரண்டு அணிகளையும் சேர்த்து ஓட்டும்படி மணிக் கணக்கு வைக்கும் வசதியும் அதில் உண்டு. இரவெல்லாம் பாசியும் இறாலும் அடிமண்ணும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருப்பதால், விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் என்பது பண்ணையாளர் எவரும் அறிந்தது. அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால் இறால் நீர்மட்டத்துக்கு வந்து கரையோரம் ஒதுங்கத் தொடங்கிவிடும். அந்தப் பண்ணையில் ஒரு விடியற்காலை அப்படித்தான் எல்லா ஏரேட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றன. காவலுக்கு இருந்த பெரியவர் எழுந்து பார்த்தபோது மின்சாரம் இருந்தது, பேனலின் திரையும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது, ஆனால் மோட்டாருக்கு மிகை மின்னோட்டம் போனால் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலேக்கள் இரு அணிகளிலும் ட்ரிப் ஆகியிருந்தன. அவர் ரிலேக்களைக் கையால் அழுத்திவிட்டு மோட்டார்களை நேரடியாக ஓட்டியதால் ஒரு பகுதி தப்பியது; ஒரு குளத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

போர்டைக் கொண்டுவந்த உரிமையாளர், "காத்துல உப்பு, கரண்டுல ஏத்த எறக்கம், இதுல பெட்டி என்ன தம்பி செய்யும்?" என்றார். விற்ற நிறுவனமும் உப்புக்காற்றையே காரணமாகச் சொல்லி, புதிய போர்டு வாங்கும்படி கூறியிருந்தது. என் மேசையில் அந்தப் போர்டு நான்கு நாட்கள் ஒரு தவறும் இல்லாமல் ஓடியது.

பிடி கிடைத்தது காவலாளியிடம்தான். ஏரேட்டர் நிற்பதற்கு முன் பேனலுக்குள் சில்லறைக் காசைக் குலுக்குவது போல ஒரு சத்தம் விடாமல் கேட்டது என்றும், அப்போது மணி நான்கு ஆகச் சில நிமிடங்கள் இருந்தன என்றும் அவர் சொன்னார். குலுக்கிய சத்தம், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர்கள் மாறி மாறி இழுத்து விட்ட சத்தம். நொடிக்குப் பலமுறை மோட்டாரை ஓட்டி நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் தொடக்க மின்னோட்டம் பாய்ந்து ஓவர்லோட் ரிலே சூடேறி ட்ரிப் ஆகத்தான் செய்யும்; ரிலே தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது. பேனலைக் கடைசியாக எப்போது ஆன் செய்தீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். தீவனக் கணக்கு எழுதும் நோட்டில் அதையும் எழுதி வைத்திருந்தார்: பேட்டரி மாற்றி, காலை பத்து மணிக்கு ஆன் செய்தது. அந்த நாளிலிருந்து எண்ணினால் ஏரேட்டர் நின்றது ஐம்பதாம் நாள் விடியல்.

டைமரோடு பழகியவர்களுக்கு அந்த ஐம்பது போதும். இத்தகைய கருவிகளில் ஹார்டுவேர் டைமர் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஓர் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தி அழைக்கும் சைகை) கொடுக்கும். நிரல் அதை ஒரு 32 பிட் எண்ணியில் கூட்டிக்கொண்டே போகும். அந்த எண்ணி 4,294,967,295 வரை போய், வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா ஒன்பதுகளையும் தாண்டிச் சுழிக்குத் திரும்புவது போலத் திரும்பும். அதற்கு ஆகும் காலம் 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 நொடி. நான் சந்தேகித்த நிரல், "இப்போதைய எண்ணோடு அரை மணிக்கு உரிய 18,00,000 மில்லிநொடியைக் கூட்டி வை, இப்போதைய எண் அந்தக் கூட்டுத்தொகையை எட்டினால் அணியை மாற்று" என்ற வகை. எண்ணி நிரம்பப்போகும் கடைசி அரை மணியில் அந்தக் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிச் சிறிய எண்ணாகிவிடும். அப்போது இப்போதைய எண் எப்போதும் அதைவிடப் பெரிதாகவே இருப்பதால், நிரல் தன் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்து அணியை மாற்றிக்கொண்டே இருக்கும். எண்ணி சுழிக்குத் திரும்பியதும் மறுபடி சாதுவாகிவிடும். பேனல் காலையில் ஒன்றும் அறியாதது போல இருந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. காலை பத்து மணியிலிருந்து எண்ணினால் எண்ணி நிரம்புவது அதிகாலை 3 மணி 2 நிமிடத்தில். அந்தக் குலுக்கல் 2 மணி 32 நிமிடத்துக்கும் அதற்கும் இடையில் நிகழ்ந்திருக்க வேண்டும். பெரியவரோ நான்கு மணியை ஒட்டி என்கிறார். முதலில் அவருக்குத்தான் நேரம் தவறிவிட்டது என்று எண்ணினேன். அப்படி எண்ணியதற்காக இன்றும் வருந்துகிறேன். உரிமையாளர் பேச்சோடு பேச்சாக, பேனலின் கடிகாரம் வாரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும் என்றும், வெள்ளிக்கிழமைதோறும் தாமே அதைத் திருத்தி வைப்பதாகவும் சொன்னபோது எல்லாம் விளங்கியது. கடிகாரத் துடிப்பைத் தரும் நல்ல கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகினாலும் வாரத்துக்குப் பன்னிரண்டு நொடிதான் தவறும். பத்து நிமிடம் தவறக் கிரிஸ்டல் காரணமாக இருக்க முடியாது. ஆயிரம் துடிப்புக்கு ஒரு முறை இன்டரப்ட் தர வேண்டிய டைமரின் ஒப்பீட்டுப் பதிவகத்தில் (எந்த எண் வரை எண்ணுவது என்று குறிக்கும் இடத்தில்) 999 என்று எழுத வேண்டும், ஏனெனில் டைமர் சுழியிலிருந்து எண்ணுகிறது. எழுதியவர் 1000 என்று எழுதியிருந்தால் அது 1001 துடிப்புக்கு ஒரு முறையே இன்டரப்ட் தரும். ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை நாளொன்றுக்கு 86.4 நொடி, வாரத்துக்குப் பத்து நிமிடமும் ஐந்து நொடியும். அதே பிழையால் எண்ணி நிரம்புவதும் 71 நிமிடம் தள்ளிப்போய் 4 மணி 14 நிமிடத்துக்கு வந்து நிற்கிறது. பெரியவர் சொன்ன நேரம் அதற்கு முந்தைய அரை மணிக்குள் சரியாக விழுகிறது.

இவ்வளவையும் நான் நிரலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் கண்டேன். நிரூபிக்க மூல நிரல் வேண்டியிருந்தது. சிப்பிலிருந்து படித்தெடுக்க முடியாதபடி பூட்டு இருந்தது. வெளியூரில் உள்ள அந்த நிறுவனம், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பல வாரம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பென் டிரைவை அனுப்பியது. அதில் "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ 2", "பார்ட்டிக்குக் கொடுத்தது" என்ற பொருள்படும் நான்கு கோப்புறைகள். எது சிப்பில் இருப்பது என்று அனுப்பியவருக்கே தெரியவில்லை. பேனலின் திரையில் ஆக்சிஜனுக்கு உரிய ஆங்கிலச் சொல் ஓர் எழுத்துப் பிழையோடு தோன்றும். நான்கில் ஒன்றில் மட்டுமே அந்தப் பிழை இருந்தது. ஓர் எழுத்துப் பிழையை நம்பி ஒரு கருவியின் நிரலை அடையாளம் காணும் நிலையில்தான், இலட்சக்கணக்கில் முதல் போட்ட பண்ணையாளர்களின் கருவிகள் விற்கப்படுகின்றன.

அந்த நிரல் ஆறாயிரம் வரிக்கு ஒரே கோப்பு. நேரத்தைச் சுமக்கும் மாறிகளின் பெயர்கள் டி, டி1, டிடி. அரை மணி என்பது மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. 1000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "சரியாக ஒரு மில்லிநொடி" என்று குறிப்பு வேறு. எழுதியவரைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அவசரத்தில், தனி ஆளாக, சோதிக்க நேரம் தராத மேலாளரின் கீழ் எழுதியிருப்பார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன்.

இத்தகைய நிரலைச் சுத்தம் செய்வதில் ஒரு முறை இருக்கிறது, அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: துப்புரவையும் திருத்தத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. முதலில் கிடைத்ததை அப்படியே பதிப்புக் கட்டுப்பாட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருளில்) ஏற்றி, ஒரு வரியும் தொடாமல் கம்பைல் செய்து, அதாவது சிப்புக்குரிய வடிவுக்கு மாற்றி, கருவியில் ஏற்றிப் பழைய பிழைகளோடு அப்படியே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பெயர்களை மாற்றலாம், வெற்று எண்களுக்குப் பெயரிடலாம். அதன் பிறகும் கம்பைலர் தரும், சிப்பில் ஏற்றுவதற்கான ஹெக்ஸ் கோப்பு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. மாறினால் நாம் அறியாமல் எதையோ கலைத்துவிட்டோம் என்று பொருள். இத்தனையும் முடிந்து, டைமரைத் தொடும் வரிகள் எல்லாம் ஒரே கோப்புக்குள் வந்த பின்பே பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பெயர் சரியான உடனேயே பிழைகள் தாமாக வெளியே வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். டிடி என்ற பெயரில் ஒளிந்திருந்த தவறு, "அடுத்த மாற்ற நேரம்" என்று பெயர் பெற்றதும் ஒரே பார்வையில் தெரிந்தது.

திருத்தம் சிறியது. கூட்டி ஒப்பிடுவதற்குப் பதிலாக, இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து, அந்த வித்தியாசம் அரை மணியை எட்டியதா என்று பார்க்க வேண்டும். குறியில்லா (எதிர்மறை மதிப்பு இல்லாத) எண்களில் கழித்தல் எண்ணி சுழிக்குத் திரும்பும்போதும் சரியான விடையே தரும். சோதிக்க ஐம்பது நாள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. எண்ணியைச் சுழியில் தொடங்காமல், நிரம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்து தொடங்கும்படி ஒரு வரியை மாற்றினால் போதும். பழைய நிரலில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி என் மேசையில் ஆன் செய்த கணமே ரிலேக்கள் படபடத்தன. கைப்பேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்ட காவலாளி, இதேதான் என்றார்.

அதே நிரலில் வேறு இரண்டு குறைகளும் இருந்தன. அது 8 பிட் சிப் ஆதலால் 32 பிட் எண்ணியை நான்கு தவணையில்தான் படிக்கும்; இடையில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழைய எண்ணும் பாதி புதிய எண்ணுமாகச் சேர்ந்து, 255 அல்லது 256 ஆக இருக்க வேண்டியது 511 ஆகத் தெரியும். படிக்கும் அந்தச் சில துடிப்புகளுக்கு இன்டரப்டை நிறுத்தி வைத்தால் தீரும். மற்றொன்று எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் சிப்பை ரீசெட் செய்வதற்கென்றே வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன் என்று முதன்மை நிரல் அதற்கு அவ்வப்போது தெரிவிக்க வேண்டும். இங்கே அந்த வரியை மில்லிநொடி இன்டரப்டுக்குள் வைத்திருந்தார்கள். முதன்மை நிரல் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் தொடர்ந்து ஓடும் என்பதால் வாட்ச்டாக் ஒருநாளும் விழிக்காது. தூங்கும் காவலாளிக்குப் பதிலாக வேறொருவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதைப் போன்றது இது.

இந்தப் பிழை பல ஆண்டுகளாகப் பல பண்ணைகளில் இருந்திருக்கும். ஏன் இப்போது வெளிப்படுகிறது என்று யோசித்தேன். முன்பெல்லாம் அடிக்கடி மின்வெட்டு வந்தது. ஒவ்வொரு வெட்டிலும் பேனல் அணைந்து, எண்ணி சுழியிலிருந்து மறுபடி தொடங்கியது. இப்போது பேனலுக்கு மட்டும் தனி பேட்டரி வைக்கிறோம், எனவே அது அணைவதே இல்லை. ஒரு வளர்ப்பு நூறு நாளைத் தாண்டினால், எண்ணி இருமுறை நிரம்பும். உப்புக்காற்று என்று நம்பிப் புதிய போர்டு வாங்கியவருக்கு, அதே நிரல் உள்ள புதிய போர்டில் அடுத்த ஐம்பது நாள் தொடங்குகிறது.

உலகின் பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன என்பதால் நம் ஊர்க் கருவிகளை மட்டும் இழிவாக நினைக்க வேண்டியதில்லை. போயிங் 787 விமானத்தை 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் வைத்திருந்தால் அதன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுபோகக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் எச்சரித்து, அதற்குள் அணைத்து ஏற்ற உத்தரவிட்டது; நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணும் 31 பிட் எண்ணி நிரம்புவதும் 248 நாளில்தான். நேரத்தில் சிறுகச் சிறுகச் சேரும் பிழைக்கு இதைவிடக் கொடிய சான்று உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடிய பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் நேரக்கணக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்ததால், வந்த ஏவுகணையை அது தவறவிட்டது; 28 வீரர்கள் இறந்தனர். பத்தில் ஒரு நொடி என்ற பின்னத்தை 24 பிட்டில் வெட்டி வைத்ததால் வந்த பிசகு அது.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் இது சம்பந்தப்பட்டது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வாரங்களை 10 பிட் எண்ணாக அனுப்புவதால் 1024 வாரத்துக்கு ஒரு முறை அது சுழிக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதை எதிர்பாராத நிரல் உள்ள பழைய கருவி பல ஆண்டுகள் பின்தங்கிய தேதியைக் காட்டும். எல்லைக்கோட்டுக்கு அருகில் தொழில் செய்யும் நம் படகுகளில், எந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்ற பதிவுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதைப் பாம்பனிலும் மண்டபத்திலும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் எஞ்சினையும் பலகையையும் பழுதுபார்க்கிறோம். அந்த நாட்களில் கருவி அணைக்கப்படாமல் கிடந்தால் மில்லிநொடி எண்ணி அதற்குள்ளேயே ஒரு முறை நிரம்பிவிடும் என்பதையும் படகு உரிமையாளர்கள் கருத வேண்டும்.

ஆகவே மீன்வளத் துறைக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், மானியத்தில் கருவிகள் வாங்கித் தரும் ஏனைய அமைப்புகளுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். கருவியை வாங்கும்போது பெட்டியின் தரம், கம்பியின் தடிமன், உத்தரவாதக் காலம் எல்லாம் கேட்கிறோம். அத்தோடு, கம்பைல் செய்தால் சிப்பில் இருப்பதையே தரக்கூடிய மூல நிரலை வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், கருவியின் திரையில் நிரலின் பதிப்பு எண் தெரிய வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தொழில் இரகசியம் என்று நிறுவனங்கள் மறுத்தால், மூடிய உறையில் துறையின் பொறுப்பில் வைத்து, நிறுவனம் கைவிடும்போது மட்டும் திறக்கலாம். எண்ணியை நிரம்பும் தறுவாயில் தொடங்கிப் பார்க்கும் சோதனைக்கு அரை நாள் போதும்; கடிகாரத்தை ஒரு முழு நாள் ஓட்டி ஒப்பிடும் சோதனைக்குத் தனிக் கருவியே தேவையில்லை. மாவட்டத்தில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் எல்.இ.டி. விளக்கை எரியவிட்டு அணைப்பதோடு டைமர் பாடத்தை முடித்துக்கொள்ளாமல், இத்தகைய பழைய நிரல் ஒன்றை எடுத்துச் சுத்தம் செய்யும் பயிற்சியைப் பெற்றால், பழுதுபார்க்க வெளியூர் நிறுவனத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலையும் குறையும்.

அந்தப் பண்ணையில் அடுத்த வளர்ப்பின் ஐம்பதாம் நாள் இரவு, திருத்திய நிரலோடு நானும் குளக்கரையில் இருந்தேன். இந்த முறையும் காலை பத்து மணிக்கே ஆன் செய்திருந்தோம். எண்ணி 3 மணி 2 நிமிடத்தில் திரும்பியது. அந்த நேரத்தில் பேனலில் எந்தச் சத்தமும் இல்லை. அதற்கடுத்த அரை மணி முடிவில் ஒரே ஒரு முறை கான்டாக்டர் இழுத்து அணி மாறியது.

இந்தச் சோதனைகளைப் பண்ணையாளர்களும் படகு உரிமையாளர்களும் புரிந்துகொள்ளும்படி தமிழில் இரண்டு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் துறையோ சங்கமோ கேட்டாலும் கட்டணமின்றித் தருவதோடு, ஒரு முறை நேரில் வந்து செய்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகரான ஒரு மின்னணுப் பழுதுநீக்குநர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.